கன்னியப்பன் நின்ற படம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் வாசலில் காவல் இருந்த தானியேலிடம் நாற்பத்தொரு போட்டோக்கள் இருந்தன. எல்லாம் பெரிய சண்டையின்போது எடுத்தவை. மதராஸ் காலாட்படைச் சிப்பாயாக 1916இல் கப்பலேறி, பஸ்ராவில் இறங்கி, மூன்று வருஷம் அந்த மணலிலும் சேற்றிலும் கிடந்துவிட்டு ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சொத்து அவ்வளவுதான்.

படங்களை எடுத்தவர் அவருடைய கம்பெனியின் வெள்ளைக்காரக் கேப்டன். தானியேல் அவருக்கு ஆர்டர்லி. காமிராப் பெட்டியையும் அதன் முக்காலியையும் சுமப்பார். கூடார இருட்டில் கேப்டன் படம் கழுவும்போது ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். கோணலாக விழுந்தது, வெயில் ஏறி வெளுத்தது, யாரோ தலையைத் திருப்பியதில் முகம் கலைந்தது என்று கேப்டன் கழித்துப் போடுபவற்றையெல்லாம் தானியேல் கேட்டு வாங்கித் தன் பையில் சேர்த்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் ஒரு கறுப்புக் காகித நோட்டு வாங்கி, சோற்றுப் பசையால் அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் தெருக்காரர்கள் பார்க்க வருவார்கள். ஒரு படத்தில், சேற்றில் வயிறு வரை புதைந்த கோவேறு கழுதையைப் பத்துப் பேர் கயிறு கட்டி இழுப்பார்கள். அம்பட்டன் முன்னால் ஒருவன் சோப்பு நுரையோடு குந்தியிருப்பான். ஒரு வண்டியின் நிழலில், நிழல் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் ஒடுங்கி ஏழு பேர் தூங்குவார்கள்.

"சண்டை எங்கப்பா?" என்று கேட்பார்கள்.

"இதான் சண்டை," என்பார் தானியேல். "நடக்கிறது, பள்ளம் தோண்டுறது, தண்ணிக்கு வரிசையில நிக்கிறது. சுட்ட நாளு கம்மி."

நாற்பது படங்களில் தானியேல் கிடையாது. பெட்டி சுமப்பவனுக்குக் காமிராவுக்குப் பின்னால்தான் இடம். ஒரே ஒரு படத்தில் இருந்தார். ஒரு பனிக்காலக் காலையில் கேப்டனுக்கு என்ன தோன்றியதோ, தானியேலையும் பக்கத்தில் நின்ற கன்னியப்பனையும் துப்பாக்கியோடு நிற்கச் சொல்லி எடுத்தார். மேல் மூலையில் வெளிச்சம் புகுந்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதனால்தான் அதுவும் தானியேலுக்குக் கிடைத்தது.

கன்னியப்பன் ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டுக்காரன். இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். படம் எடுத்த அடுத்த கோடையில் அவனுக்கு வாந்திபேதி கண்டது. நாலாம் நாள் முடிந்துபோனான். தானியேல் அப்போது கேப்டனோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மண் போட்ட பிறகுதான் சேதியே தெரிந்தது.

ஊரில் அந்தப் படம்தான் அவருக்குக் காப்பு. ஷாப்பு மேஸ்திரி அஹமது பாஷா ஒருநாள், "இன்னா தானியேலு, பம்பாய் பஜார்ல வாங்கினியா இதெல்லாம்?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். தானியேல் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை.

அவர் திரும்பி வந்த மறு மாசமே கன்னியப்பனின் மனைவி தனகோடி துத்திப்பட்டிலிருந்து நடந்து வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இளைச்சிட்டாரு," என்றாள். பிறகு, "இத எனக்குக் குடுத்துருங்கண்ணா. அவரு நெனப்புக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. அவரு போனப்ப செண்பகம் வயித்துல இருந்துச்சு. அதுக்கு அப்பன் மொகமே தெரியாது," என்றாள்.

"ஒட்டிட்டேன்மா. பிச்சா கிழிஞ்சிடும். வேலூர்ல காப்பி எடுத்துத் தர்றேன்."

சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலூருக்குப் போகவும் செய்தார். ஸ்டுடியோ வைத்திருந்த நயீம் அகமது கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நோட்டோட வெச்சா சரியா வராது. படத்தத் தனியா எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. பத்து நாள் ஆவும்."

"பத்து நாளா?"

"ஜாஸ்தியும் ஆவலாம்."

தானியேல் நோட்டை மூடிச் சுற்றிக்கொண்டு ரயிலேறிவிட்டார். பத்து நாள் அந்தப் படம் கையைவிட்டு இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தொலைந்துபோனால்? பட்டாளத்தில் தான் இருந்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? தனகோடியிடம், மிஷின் ரிப்பேர் என்றார். அடுத்த வருஷம் வேறு ஏதோ சொன்னார். அவள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், பார்ப்பாள், கேட்பாள், போவாள்.

1924இல் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்டு வயசு. வழியில் வாங்கிக் கொடுத்த வெல்ல மிட்டாய் கையில் பிசுபிசுத்தது. தானியேல் பக்கத்தைத் திருப்பியதும், "எது எங்கப்பா?" என்று விரலை நீட்டினாள்.

"தொடாதே!" என்று அவள் கையைத் தட்டிவிட்டு நோட்டை இழுத்துக்கொண்டார்.

குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அவர் உடனே சமாளித்து, "இங்க பாரும்மா," என்று மறுபடி காட்டினார். அவள் தரையையே பார்த்தாள். தனகோடி எழுந்துகொண்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அதோடு அவள் வரவும் இல்லை.

அன்று தானியேலின் மனைவி அன்னபாக்கியம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நாப்பத்தோரு படம் இருக்குது. அந்தப் பொண்ணுக்கு இன்னா இருக்குது?"

"அதுல ஒண்ணுலதான்டி நான் இருக்கேன்."

"நீங்கதான் வூட்லயே இருக்கீங்களே," என்றாள் அவள்.

அந்தப் பேச்சு அவருக்கு உறைத்தது. துத்திப்பட்டு ஒன்றும் தூர தேசமில்லை; நடந்தே போகலாம். ஆனாலும் இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும், இந்த மழை விடட்டும் என்று ஒன்பது வருஷத்தைக் கடத்தினார். 1933இல் துத்திப்பட்டு ஆள் ஒருவன் ஷாப்பு வாசலில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், தனகோடி செத்து நாற்பது நாளாகிறது என்று. தனக்கு ஒருவரும் சொல்லியனுப்பவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. எதற்குச் சொல்வார்கள் என்று அடுத்த நிமிஷமே தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுப் படத்தைப் பிரித்தார். பின்பக்கம் கொஞ்சம் உரிந்ததே தவிர முகங்களுக்குச் சேதமில்லை. தன் பாதியை வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கத்தரிக்கோலை எடுத்தார். கன்னியப்பனின் முழங்கை அவருடைய முழங்கைமேல் ஏறியிருந்தது. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

செண்பகத்தை வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் அங்கே ஒரு தோல் ஷாப்பில் வேலை. தானியேல் விசாரித்துக்கொண்டு போனபோது அவள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"நான் ஆம்பூர் தானியேலும்மா. உங்கப்பா கூட பட்டாளத்துல..."

"தெரியுது மாமா. உள்ள வாங்க."

பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் துணியில் சுற்றிய படத்தை மடியில் வைத்துப் பிரிக்கப் போனபோது, "பிரிக்காதீங்க மாமா," என்றாள்.

"உங்கப்பா படம்மா. உனக்குத்தான். இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்."

"வேணாம். அம்மா சொல்லச் சொல்ல நானே ஒரு மொகம் வெச்சிருக்கேன். கண்ண மூடுனா அதுதான் வரும். இதப் பாத்தா அது போய்டும். சின்ன வயசுல பாத்திருந்தா இதுதான் அப்பான்னு இருந்திருப்பேன். இப்ப யாரோ ஒரு ஆளாத்தான் தெரியும்."

"தப்புப் பண்ணிட்டேன்மா."

"அதெல்லாம் போச்சு, வுடுங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவளே கேட்டாள். "ஒண்ணு சொல்லுங்க மாமா. எங்கப்பா எப்படிப் பேசுவாரு? கொரல் எப்படி இருக்கும்? அம்மாவுக்கு அதச் சொல்லத் தெரியல."

தானியேல் வாயெடுத்தார். எவ்வளவு யோசித்தாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் கன்னியப்பன்தான் கண்ணில் நின்றான். அத்தனை வருஷமாக அந்த ஒரு படத்தையே பார்த்துப் பார்த்து, நடந்த கன்னியப்பன், சாப்பிட்ட கன்னியப்பன், பேசிய கன்னியப்பன் எல்லாரும் எங்கோ போய்விட்டார்கள்.

"நல்லவம்மா... ரொம்ப நல்லவன்," என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் மூட்டை தூக்கிவந்த ஒருவன், "அய்யோ, பேஜாரு!" என்று மூட்டையைப் போட்டான். தானியேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாள முகாமில் படுக்கப் போகும்போதெல்லாம் கன்னியப்பன் பூட்ஸைக் கழற்றியபடி, "பேஜாராப் போச்சுடா தோஸ்த்து," என்பான். கொஞ்சம் கீச்சுக் குரல். கடைசி எழுத்தை இழுத்து விடுவான். பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாராவது அதே மாதிரி இழுத்துக் காட்டுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள்.

எழுந்து நின்றார். செண்பகத்தின் வீடு கால் மணி நடைதான். போய் இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் ஆம்பூர் வண்டி வந்து நின்றது. அடுத்தது சாயங்காலம்தான். அடுத்த வாரம் வந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் ஷாப்பில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் காலில் வீக்கம். ஆனியில் செண்பகத்தின் புருஷனுக்குக் கோலார் தங்க வயலில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டார். அங்கே எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு லைன் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.