ரயிலில் கோத்த சக்கரம்

போன வருடம் புத்த பூர்ணிமாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெங்களூரிலிருந்து எங்கள் ஊரான ஊரிகம் திரும்பும் ரயிலில் நடந்தது இது. தினமும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அன்று என் மடியில் ஒரு மோட்டார் சைக்கிள் ரிம்மும், காலடியில் பை நிறைய ஸ்போக்ஸ் கம்பியும் இருந்தன.

வண்டி என் கணவருடையது. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய சின்ன வண்டி. அதன்மேல் காட்டிய அக்கறையில் பாதியை என்மேல் காட்டியிருந்தால் நான் மகாராணிதான்! அப்படிப்பட்டவர், ஒரு நாள் பள்ளத்தில் இறங்கியபோது பின்சக்கரக் கம்பிகள் ஒடிந்து, கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். கால் கூடிவிட்டது, பயம் போகவில்லை. புத்த விகாரைக்குக்கூடப் போகாமல் வீட்டோடு முடங்கிவிட்டார். வண்டிப் பேச்சை எடுத்தாலே, "பழைய இரும்புக்குப் போட்டுடு" என்பார். கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

கடைசியில் அவரைக் கேட்காமலே வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர், தேய்ந்த புஷ், கடகடத்த பேரிங் எல்லாம் மாற்றியாயிற்று. பின்சக்கரத்துக்கு ரிம்மும் கம்பியும்தான் இங்கே கிடைக்கவில்லை. "பெங்களூருல வாங்கி, ரிம்முல கம்பிய கோத்தும் கொண்டாந்துடுங்க. இன்னிக்கே முறுக்கி கோட்டம் எடுத்துத் தர்றேன், காலையில நான் ஊருக்குப் போறேன்" என்றார் மெக்கானிக். சக்கரத்தின் நடுவிலிருக்கும் பழைய ஹப்பைக் கொண்டுபோய் அளவு காட்டி வாங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கடையில் கோக்கிற ஆள் லீவு. பூர்ணிமாவுக்குக் கணவரை அதே வண்டியில் விகாரைக்குக் கூட்டிப்போகும் ஆசை அவ்வளவுதான் என்று, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பெட்டியில் சாயங்காலமானால் கீரை ஆய்வது, அவரைக்காய் உரிப்பது, பூ கட்டுவது எல்லாம் நடக்கும். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா ஊரிகத்துக்கு முன்னாலேயே பங்காருபேட்டையில் இறங்குகிறவர். அதுவரை பேசிப் பழக்கமில்லை. "இன்னாம்மா, சக்கரத்த மடியில வெச்சிக்கினு இப்டி குந்திக்கினு கீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பூவை ஓரமாக வைத்துவிட்டு, "இவ்ளோதானா? குடு இப்டி" என்று கையை நீட்டினார்.

மெக்கானிக் அனுப்பியிருந்த முன்சக்கர போட்டோவை ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கோத்தோம். கீரை ஆய்ந்த கைகளெல்லாம் கம்பி எடுத்துக் கொடுத்தன. முடித்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, காற்றடிக்கும் ஓட்டைக்கு நேராக இரண்டு கம்பிகள் குறுக்கே நின்றன! பம்பு நுழைய இடமே இல்லை. பெட்டியே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிச்சது போதும், கழட்டுங்கடி" என்றார் அக்கா.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பித்தோம். பங்காருபேட்டை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, உங்க ஸ்டேஷன்!" என்று பதறினேன்.

"தெரியும், நீ கம்பிய குடு. பூவ ஊரிகத்துல வித்துக்கறேன், நாளிக்கு பூர்ணிமாதான?"

ஊரிகம் நெருங்கும்போது கடைசிக் கம்பியை மாட்டினோம். அவர் பூக்கூடையோடு போனார், நான் சக்கரத்தோடு மெக்கானிக்கிடம் ஓடினேன்.

மறுநாள் காலை வண்டி வாசலில் நின்றது. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கோசரம் அந்தம்மா ஸ்டேஷன வுட்டாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் பின்னால் ஏறினார். என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. விகாரை இருக்கும் ராபர்ட்சன்பேட்டை போகும் வழியில் ஒரு பள்ளம். பார்த்தும் ஒதுங்க முடியவில்லை. வண்டி மெத்தென்று இறங்கி ஏறியது. அவர் பிடி மெல்லத் தளர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "நிறுத்து. நீ பின்னால வா, நான் ஓட்றேன்" என்றார்.

நான் மாதக்கணக்கில் சொன்ன தைரியம் செய்யாததை, முகம் தெரியாத ஒரு பெண் என் கணவருக்காக இறங்காமல் இருந்தார் என்ற செய்தி செய்தது. அதிலிருந்து, கஷ்டத்தில் இருப்பவரிடம் ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வருவதில்லை, கூட உட்கார்ந்துவிடுகிறேன்.