படுத்தபடியே ஓடிய சவுரிராயன்

சவுரிராயன் என்ற பெயரை அம்மணி முதன்முதலில் கேட்டது ஒலக்கூர்ப் பக்கத்து மாதா கோயிலில், கல்யாண ஓலை வாசித்தபோது. மாப்பிள்ளை முகையூர் என்றார் சாமியார். அம்மணி முத்துசாமியின் மூத்த மகள். முத்துசாமியின் தங்கையைக் கட்டியவர் சவுரிராயனுக்குச் சித்தப்பா. அந்த வழியில் வந்த சம்பந்தம்.

இரண்டாம் முறை அந்தப் பெயரைக் கேட்டது கல்யாணத்துக்கு மறுநாள், விடிவதற்குச் சற்று முன்னால். பண்ணைக் காரியஸ்தர் கோதண்டபாணி தெருமுனைப் புளியமரத்தடியில் நின்று, பண்ணை மனையில் குடியிருந்து உழைக்கும் படியாட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புருஷன் அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். "வந்துட்டேன் ஆண்டே" என்று குரல் கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

காரணத்தை மாமியார் சொன்னாள். சவுரிராயனுக்கு மீசை முளைக்காத வயதில் அவர் அப்பா காய்ச்சலில் கிடந்து, ஒரு காலை பதில் சொல்லாமல் விட்டுவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். ஐப்பசி மழை. மனை பண்ணையுடையது, யாரும் வாய் திறக்க முடியாது. யார் யார் காலிலோ விழுந்து மனையைத் திரும்ப வாங்குவதற்குள் அப்பா போய்விட்டார். மகனின் காது அன்றிலிருந்து தூங்கவில்லை. சொம்பு உருண்டாலும் திடுக்கிடுவார். களி தொண்டையில் நிற்கும்.

யுத்தம் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஆவணியில், விழுப்புரம் மண்டிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிப்போன வண்டி குடை சாய்ந்தது. கூடப்போன சவுரிராயனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு கட்டும் முருகையன் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

கோதண்டபாணி வந்து எட்ட நின்று பார்த்தார்.

"காலுதானே போச்சு, வாய் இருக்குதில்ல? படுத்த எடத்துலேர்ந்தே குரல் குடு. தை அறுப்புக்கு எழுந்து நின்னா மனை உன்னுது. இல்லன்னா வேற ஆளு வெச்சிக்கினு இருக்கறேன்."

அதைப் பெரிய தயவு போலச் சொன்னார். சவுரிராயனும் கைகூப்பினார்.

தீபாவளி போயும் எலும்பு கூடவில்லை. அதே விபத்தில் காலை முறித்துக்கொண்ட வண்டிக்காரன் கம்பு ஊன்றி நடமாடத் தொடங்கிவிட்டான். இவருக்கு வீக்கம் வற்றவில்லை, தோல் புண் ஆறவில்லை. முருகையன் கட்டைப் பிரித்து ஆடுசதையில் கை வைத்தார். சதை உள்ளுக்குள் துடித்துக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து அம்மணியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கட்டு நல்ல கட்டுதாம்மா. உன் வூட்டுக்காரரு படுத்துக்கினே ஓடறாரு. ஓடற காலு எப்டி கூடும்? அவர தூங்க வையி."

அம்மணி ஒரு வழி யோசித்தாள். கசகசா அரைத்துப் பாலில் கலந்து மாலையில் கொடுத்தாள். கொழுந்தன் பெரியசாமிக்கு அச்சு அசல் அண்ணன் குரல். அவனைக் கொல்லைப்பக்கம் நின்று பதில் சொல்லச் சொன்னாள்.

"அண்ணன் குரலு குடுத்தா அண்ணன் பங்கு களியும் எனக்குத்தான் அண்ணி" என்றான் அவன்.

புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தாள்.

சவுரிராயன் வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினார். குரல் கொடுத்தோமா என்று கேட்பார். தூக்கத்திலேயே கொடுத்தீங்க என்பாள். வீக்கம் இறங்கியது. உருண்டைக் களியை முழுசாகத் தின்றார். முருகையன் தொட்டுப் பார்த்து, சதை அடங்குது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஊன்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழிப் பனியில் ஒரு காலை, அவருக்கு முன்கூட்டியே விழிப்பு வந்துவிட்டது. தன் பெயரைக் கேட்டார். வாய் திறப்பதற்குள் வேறொருவன் "வந்துட்டேன் ஆண்டே" என்றான். மனையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். இரண்டு காலையும் ஊன்றி எழுந்தார். அம்மணி இடுப்பைப் பிடித்தாள். உதறிவிட்டு வாசலைத் தாண்டினார்.

"நான் இருக்கறேன் ஆண்டே. நான்தான் சவுரிராயன்."

தெருவிலேயே விழுந்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

கோதண்டபாணி கிட்டே வரவில்லை. "ஒரு பேருக்கு ரெண்டு குரலா? இனிமே ரெண்டும் வேணாம்" என்று சொல்லி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பொங்கலுக்கு முன்பே கூரை போனது. புண்ணில் சீழ் ஏறி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அம்மணியின் தங்கை சவுரியம்மாள் ரயில் பாதையோரம் குடிசை போட்டிருந்தாள்; அங்கேதான் அவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வெட்டிய இடம் ஆறாது என்றுதான் பார்த்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். கூட்ஸ் வண்டி குடிசையையே ஆட்டிக்கொண்டு போகும். அவர் குறட்டை விட்டார். ரயில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மாசி முடிவதற்குள் புண் மூடி, புதுத்தோல் வந்துவிட்டது.

அதைப் பார்த்த அன்று அம்மணி அடுப்பை ஊதிக்கொண்டே தங்கையிடம் சொன்னாள்: "ரெண்டு காலோட இங்க இட்டாந்திருக்கணும்டி."

கயிறு திரித்துப் பிழைத்தார். சுதந்திரம் வந்த மறு வருஷம் மார்வலியில் போனார். இப்போது முகையூர்க் கல்லறைத் தோட்டத்தில், தெற்கு வேலியோரம், அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.