மூன்றாவது கிண்ணம்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு ஜப்பான்காரத் தம்பதி குடிவந்தார்கள். அவர் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அந்த அம்மாவுக்கு எங்களை விட்டால் பேச ஆளில்லை. மார்க்கெட்டில் கேட்டுக் கேட்டே தமிழ் பழகிக்கொண்டு, என்னை வாய் நிறைய "அக்கா" என்பார். நானும் தெருவெல்லாம் "எங்க வூட்டு ஜப்பான்காரம்மா" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த அம்மாவுக்கு மரத்தில் கிண்ணம் செய்யத் தெரியும். ஒருநாள் கரண்ட்காரர்கள் கம்பியில் உரசிய பூவரசங்கிளையை வெட்டிப் போட்டார்கள். இவர் ஓடிப்போய் ஒரு துண்டத்தை மூச்சு வாங்கத் தூக்கி வந்தார். தண்ணி டேங்க் நிழலில் உட்கார்ந்து அதை மூன்றாக அறுத்து, வளைந்த உளியால் குடைந்தார். பாதி குடைந்ததும் நிறுத்திவிட்டு, கோடை முழுக்க நிழலிலேயே காயப்போட்டார். அவசரப்பட்டால் வெடித்துவிடுமாம்.

"ஏண்டி, நம்ம ஊர்ல எவர்சில்வருக்கா பஞ்சம்?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டையில் யாராவது சாப்பிடுவார்களா, திருவோடு மாதிரி!

ஒருநாள் விருந்தாளிகளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மரக் கிண்ணத்தில் அந்த அம்மா சூடாகச் சூப்பு ஊற்றி என்னிடம் கொடுத்தார். ஆவி பறக்கிறது, ஆனால் கை சுடவில்லை. கனமே இல்லை. எதிலும் எச்சில் பார்க்கிறவள் நான், அன்று யோசிக்காமல் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். உதட்டுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அவர்கள் வீட்டில் ஆளாளுக்குத் தனிக் கிண்ணமாம், ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார்களாம். அப்பா இறந்த பிறகும் அவருடைய கிண்ணத்தை எடுக்க மனசு வராமல் அம்மா அப்படியே வைத்திருக்கிறார் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பையன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வருகிறார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் வா, போ என்றுதான் பேசுவேன். அவருக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் பின்பக்கத்து ஜன்னல் விளிம்பில் இருக்கும். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டு, கழுவி, அவரே அங்கே கவிழ்த்து வைப்பார். அவை உள்ளே வராது. கேட்டால் சுத்தம் என்போம். அவர் தேய்த்து வைக்கிற தட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அப்புறம் என்ன சுத்தம்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதுதான் காரணம்.

அந்தத் தட்டை ஜப்பான்காரம்மா பார்த்துவிட்டார்.

"அது யார் தட்டு அக்கா?"

"அது அவளுக்குன்னே தனியா வெச்சது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "எங்க வீடு மாதிரி!" என்று சொல்லி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய், "உங்களுக்கு மட்டும் தனி. பெரிய மரியாதை" என்றார்.

அந்த அக்கா சோப்பு நுரைக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா, ரொம்பப் பெரிய மரியாதை" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. நல்லவள் என்று பேர் வாங்கியாயிற்றே, அதை விட மனசில்லை.

காய்ந்த மூன்று கட்டையையும் கிண்ணமாகச் செதுக்கி முடிப்பதற்கு முன்னால் என் கை, என் வீட்டுக்காரர் கை, அந்த அக்கா கை, மூன்றுக்கும் ஜப்பான்காரம்மா அளவெடுத்தார். இரண்டு கை விரல்களையும் சேர்த்து வட்டமாக்கச் சொல்லி, அந்த வட்டத்துக்கு நூல் பிடித்தார். அந்த அக்கா கூச்சப்பட்டு முந்தானைக்குள் இழுத்துக்கொண்ட கையை விடாமல் பிடித்து அளந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ மரப்பாலைப் பூசுவதும் தேய்ப்பதும் மறுபடி பூசுவதுமாக மழைக்காலம் போயிற்று. அந்தப் பூச்சு ஈரக் காற்றில்தான் காயுமாம். முடிந்தபோது மூன்றும் புளியங்கொட்டை நிறத்தில் மினுங்கின.

தை மாதம் அவர்கள் ஊர் திரும்பும் நாள் வந்தது. சொல்லிக்கொள்ள வந்த அந்த அம்மா எங்கள் கூடத்தில் பாய் விரித்து, என் ரசத்தை மூன்று கிண்ணத்திலும் தன் கிண்ணத்திலும் ஊற்றி, "எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம்" என்றார். நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். அந்த அக்கா சமையலறை வாசல் வரை வந்து நின்றார். கூப்பிட்டவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உள்ள வா" என்றால் போதும். எதிர்வீட்டம்மா வழியனுப்ப வந்து எங்கள் வாசலில் நின்றிருந்தார். நாளைக்குத் தெருவே பேசுமே என்று ஒரு நினைப்பு. குனிந்து பாயின் ஓரத்தை நீவிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார்.

"எனக்குப் பின்னாடியே சௌரியம்மா" என்று சொல்லி அந்த அக்கா தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

ஜப்பான்காரம்மா முதலில் முழித்தார். திறந்திருந்த பின்கதவு வழியாக ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தன் கிண்ணத்தோடு எழுந்துபோய், துவைக்கிற கல்லில் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். மரக் கிண்ணத்தில் ரசம் சீக்கிரம் ஆறாது. ஆனாலும் என் கிண்ணத்து ரசம் அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே உள்ள ஒக்காந்து சாப்டு" என்றேன்.

அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. "இன்னாத்துக்கும்மா? இனிமே வூட்லயே சாப்ட்டு வந்துடறேன்."

இன்றுவரை எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுபோன கிண்ணம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "தெனம் அதுலதாம்மா கஞ்சி. கையில அப்படியே ஒக்காருது" என்றபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எங்கள் அலமாரியில் இரண்டு கிண்ணம் இருக்கிறது. என்னுடையதும் என் கைக்கு அப்படியேதான் பொருந்துகிறது. ஆனால் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அன்று "உள்ள வா" என்று சொல்லியிருந்தால் மூன்றாவது கிண்ணமும் இங்கே பக்கத்தில் இருந்திருக்குமே என்று நினைத்து வெட்கப்படாமல் என்னால் ஒரு வாய் குடிக்க முடிவதில்லை.