சம்மந்தியாரின் மூதாதையும் என் அண்ணையும்

சம்மந்தியார் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்த அந்த நீளத் தாள் சுருண்டு சுருண்டு எழும்பியது. ஒரு மூலையில் ஊறுகாய்ப் போத்தலையும் மறு மூலையில் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்து அமர்த்தினார். மகள் அவருடைய மகனைக் கலியாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை வயிற்றில் இருந்தது. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக இரண்டு குடும்பங்களின் வம்சாவளியையும் வரைகிறாராம். அவர் பக்கம், அமெரிக்கா பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த காலம் வரைக்கும் பெட்டி பெட்டியாகப் பெயர்கள். எங்கள் பக்கம் வெறும் வெள்ளை. பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்: தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர், குடும்பத்தில் யாராவது ஆயுதம் தூக்கியிருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்து மனிதனிடம் ஊரையும் தகப்பனையும் விசாரித்தால் சாதி பார்க்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரருக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டதா என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது கேள்வி சாதியைப் பற்றியது அல்ல. என் அண்ணை இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வராதவர். மொன்ரியலுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒற்றை அறையில் இருந்தபோதும் சரி, பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கிய பிறகும் சரி, அவருடைய பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. அகதி வழக்கு முடிந்து குடியுரிமையும் கிடைத்தாயிற்று. ஆனாலும் அந்தப் பெயர் வெளியே வந்தால் எல்லாம் பறிபோய்விடும் என்ற பயம் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் வாத்திமார் என்று சொல்லி வைத்தேன்.

சம்மந்தியார் போனதும் மனைவி கதவைப் பூட்டினாள்.

"உந்த மனுசன் ஆரோ அனுப்பி வந்தவர் மாதிரிக் கிடக்கு. ஒண்டும் கதைக்காதேங்கோ."

அவரோ விடவில்லை. பக்கத்து கர்க்லாண்டிலிருந்து ஞாயிறுகளில் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதும் இருந்தது, பொறுமையும் இருந்தது. தாளின் உச்சியில் இருந்த அவருடைய மூதாதை நியூயோர்க் பக்கத்து விவசாயி. அந்தக் காலத்தில் அங்கே உடல் நலமுள்ள ஆண்கள் சொந்தத் துவக்கோடு மிலிஷியாவில் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டுமாம். மகள் அதை 'ஊர்காவல் படை' என்று மொழிபெயர்க்க, மனைவியின் முகம் கறுத்தது. ஊரில் அந்தப் பெயரில் வந்தவர்கள் செய்ததைக் கண்டவள் அவள். அந்த மூதாதை முதல்தடவை மொன்ரியலுக்கு வந்தது பிரெஞ்சுக்காரரோடு சண்டைபிடிக்க. பிறகு அயலவர்களெல்லாம் பிரிட்டிஷ் அரசருக்கு எதிராக எழும்ப, இவர் அரசர் பக்கம் நின்று, காணியை இழந்து, இரண்டாம் தடவை அகதியாக வந்து சேர்ந்தார். "அவரும் உங்களைப் போலத்தான்" என்று சம்மந்தியார் என் தோளில் தட்டுவார். என் வாயைக் கிண்டத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் பேச்சைத் திருப்புவதற்காக, அந்த மூதாதைக்குச் சகோதரர்கள் இல்லையா என்று கேட்டேன். சம்மந்தியார் பதில் சொல்லாமல் தாளைச் சுருட்டினார். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம்.

கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது: அமெரிக்க எல்லைக்கு அப்பால் ஓர் இடம் காட்ட வேண்டும், வாருங்கள். அங்கே கைரேகை பார்ப்பார்கள், பிடித்துக் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் போனேன். எல்லையில் அதிகாரி கொட்டாவி விட்டபடி கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தபோது என் சட்டை நனைந்திருந்தது.

அது ஒரு சின்ன ஊரின் மயானம். எழுத்துத் தேய்ந்த ஒரு கல்லின் முன் சம்மந்தியார் தொப்பியைக் கழற்றினார்.

"இவர் மூதாதையின் தம்பி. எதிர்ப் பக்கம் நின்றவர். எங்கள் வீட்டில் இவர் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. எங்களில் இங்கே முதலில் வந்து நிற்பவன் நான்தான்."

எத்தனை தலைமுறை போய்விட்டது. கல் நிற்கிறது. யாரோ புல் வெட்டி, சின்னக் கொடியும் நட்டிருந்தார்கள். அண்ணைக்கும் ஊரில் ஒரு கல் இருந்தது. சண்டை முடிந்த பிறகு ஆமிக்காரர் அந்த மயானத்தையே இயந்திரம் விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். செத்துப்போன அந்த வெள்ளைக்காரன்மேல் எனக்குப் பொறாமை வந்தது, அழுகையும் வந்தது. அண்ணையின் பெயரைச் சொன்னேன். சம்மந்தியாரின் கை பேனைக்குப் போயிற்று.

"எழுத வேண்டாம்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில், மொன்ரியல் பாலம் ஏறும் வரைக்கும், அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினார். தமிழ் எழுத்துகள் அவருடைய நாக்கில் வழுக்கின. நான் திருத்திக்கொண்டே வந்தேன்.

சம்மந்தியார் போன மாரியில் காலமானார். அந்தப் பெயரை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். பேத்தி பிரெஞ்சில் ஓயாமல் கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டாள். அவளுக்காவது அண்ணையைப் பற்றிச் சொல்லுவோம் என்றேன். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டாள் மனைவி. இதை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெயரை எழுதிவிடத்தான் நினைத்தேன். கை போகவில்லை. வாசிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாதே.