செல்லக்கனி அக்காவின் வெந்நீர்த் தொட்டி

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: கெட்டிக்காரி. அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷியை ஒருத்தியும் எட்டிப் பார்ப்பதில்லை. கெட்டிக்காரியாம், பெரிய கெட்டிக்காரி!

அக்கா புதுக்கோட்டைக்காரி. வாக்கப்பட்டு வந்த நாள்முதல் புருஷன் ராஜதுரை அண்ணாச்சியோடு கடையில் நின்றாள். துறைமுகத்து லாரிகளுக்குத் தார்ப்பாயும் வடக்கயிறும் அவள் கையால்தான் அளந்து போகும். காலமெல்லாம் சிமெண்ட் தரையில் நின்ற முட்டி சும்மா இருக்குமா? ஏதோ ஒரு ஓட்டலை மூடியபோது அங்கே கிடந்த வெந்நீர்த் தொட்டியை அண்ணாச்சி வாங்கி வந்தார். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்காரலாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அதை இறக்கினார்.

“இந்த வெயில்ல வெந்நீரா அண்ணாச்சி?” என்று நானும் சிரித்தேன்.

“ஏளா, ஒன் முட்டி தேயட்டும், அப்பம் வந்து கேளு” என்றார்.

சாயங்காலமானால் இருவரும் அதில்தான். குழம்பில் உப்பு கூடினதற்குக்கூட ஒரு பாடு சண்டை போடுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். எல்லாம் எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். போன தை மாதம் அண்ணாச்சி கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதோடு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சில மாதம் கழித்து அக்கா தொட்டியில் இறங்கினாள். சூடு ஏறவில்லை. முட்டி வீங்கிப்போனது. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் சிவப்பிரகாஷ், “நடக்க முடியலன்னா வீட்டப் பூட்டிட்டு இங்க வந்திருங்கம்மா, ஆவணில வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளைதான். ஆனால் அக்காவுக்கு மனசில்லை.

“அவனும் மருமவளும் வேலைக்குப் போயிருவாவ. அங்கன நான் யார்ட்டளா பேசுவேன்? இங்கனன்னா இந்தச் சுவத்துட்டயாவது பேசிக்கிட்டுக் கிடப்பேன்.”

தொட்டி சூடானால் முட்டி நடக்கும், முட்டி நடந்தால் அக்கா இங்கேயே இருப்பாள். முதலில் வந்த மெக்கானிக் ஹீட்டரையே புதுசாக மாற்றினான். அப்புறமும் சூடில்லை. மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றான். நான் கேட்ட கேள்வியில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியே போனான்.

அடுத்து இனிகோ வந்தான். பொறுமைசாலி. ஃபில்டரைக் கழுவினான், குழாயில் படிந்திருந்த உப்பைச் சுரண்டினான், சென்சாரை மாற்றினான். தனியே ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் ஹீட்டர் கொதிக்கவைத்தது. தொட்டியில் மாட்டினால் சூடேறுவதைக் காட்டும் விளக்கு எரிந்து உடனே அணைந்தது. தொட்டியின் உட்பக்கம் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோடு வரை இருந்ததால் அளவு சரி என்று விட்டுவிட்டான்.

“யக்கா, நீங்க வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க, பாப்போம்” என்று, மறைப்புக்குக் கட்டியிருந்த சேலைக்கு அந்தப் பக்கம் போய் ஹீட்டர் விளக்கைப் பார்த்தபடி நின்றான்.

அக்கா நைட்டியோடு இறங்கி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். எரிந்தது, அணைந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எதுத்தாப்ல குழாய்ல தண்ணி வருதா இல்லையான்னு நானே பாக்கேன்” என்று இறங்கி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். அக்கா முகம் ஒரு மாதிரி ஆனது.

“ஏ, லைட்டு நிக்குது!” என்று இனிகோ கத்தினான். நான் எழுந்தேன், அணைந்தது. மறுபடி உட்கார்ந்தேன், எரிந்தது.

“இந்தக் கோடு யாருக்கா போட்டது?” என்று சேலையைத் தாண்டி வந்து கேட்டான்.

“அவியதான், சிவப்பிரகாஷ் அப்பா. நல்ல தண்ணிக்கு நம்ம ஊரு படுத பாடு ஒனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் உக்காந்த பொறவு தண்ணி தன்னால மேல ஏறுமே, பொறவு எதுக்குக் கூட ஊத்தணும்னு கோடு போட்டு வச்சாவ. உக்காந்துதான் சுவிச்சப் போடுவோம்.”

“சட்டில இருந்தாத்தானக்கா அகப்பைல வரும்? தண்ணி இந்த உறிஞ்சுற வாய்க்குக் கீழ இறங்கிட்டா பம்பு காத்தத்தான் இழுக்கும். காத்து வந்தா ஹீட்டரு நின்னுரும். கோளாறு ஒண்ணுமில்ல, ஒரு ஆளு குறையுது, அவ்வளவுதான்.” சொன்ன பிறகுதான் இனிகோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் வெளியே வந்து குடம் குடமாக ஊற்றினேன். நாலு ஊற்றி, ஐந்தாவதில் பாதி போனதும் விளக்கு எரிந்து அப்படியே நின்றது.

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலரைக் கொடந்தானாளா முத்து? அவ்வளவுதானா அவிய?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. இனிகோ போனதும் மகனுக்குப் போன் போட்டாள். “சூடு வந்துட்டுப்பா. நான் இங்கனயே இருக்கேன், நீ லீவு கீவு போடாத” என்று வைத்துவிட்டாள்.

ஆவி கிளம்பியது. சாயங்கால நேரம், அவளைத் தனியே விட்டுப் போக மனசு வரவில்லை. “யக்கா, நானும் செத்த நேரம் உள்ள வந்து உக்காரட்டுமா?” என்று கேட்டேன்.

அக்கா எதிர்ப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“வேண்டாம்ளா. இனிம நீ எறங்குனா தண்ணி வழிஞ்சு போயிரும்.”