முதுகில் போட்ட ஊசி

சிவசங்கரன் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போன பிறகு, திருப்பதியிலிருந்த அவர் வீட்டில் ஜானி என்ற நாயும் அதைப் பார்த்துக்கொள்ள வந்த பாப்பாத்தியும்தான் இருந்தார்கள். நகரிப் பக்கம் கூலி வேலை செய்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். நாய் அவள் காலடியில்தான் படுக்கும்.

2003 கோடையில் ஜானி மாடிப்படியில் உருண்டு பின்னங்காலை முறித்துக்கொண்டது. சிவசங்கரனின் தம்பி கோவர்த்தனன் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனான். வலி தெரியாமலிருக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டிருப்பதாகவும், அபூர்வமாகச் சில நாய்களுக்கு அதனால் சிறுநீர் நின்றுபோகும், மறுநாள் காலைக்குள் போகாவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் டாக்டர் அவனிடம் சொன்னார். அவன் பாப்பாத்தியிடம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுச் சித்தூருக்குப் போய்விட்டான்.

மறுநாள் முழுக்க நாய் ஒண்ணுக்குப் போகவில்லை. மாலையில் அடிவயிறு கெட்டிப்பட்டிருந்தது. பாப்பாத்திக்குத் தன் பிரசவம் நினைவுக்கு வந்தது. வயிற்றைக் கீறி மகளை எடுத்தபோது அவளுக்கும் முதுகில் ஊசிதான். சிறுநீர் இறங்காமல் துடித்தவளுக்கு நர்ஸ் குழாய் வைத்த பிறகே உயிர் வந்தது.

கோவர்த்தனனுக்குப் போன் செய்தாள். “வயிறு கல்லாட்டம் கீது சார். முதுவுல ஊசி போட்டாங்களா?”

மயக்கம் தெளியவில்லை, தூங்கட்டும் என்றான்.

அடுத்த நாள் காலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. உள்ளே நிரம்பி வழிகிறதென்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி போன் செய்தாள்.

“ஒழுவுதுன்னா போவுதுன்னுதானே அர்த்தம்? சும்மா போன் பண்ணிக்கினே இருக்காத.”

நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஷேர் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். வழியில் அது ஒருமுறை அலறியது. பிறகு வயிறு தளர்ந்தது. அப்பாடா, போய்விட்டது என்று போர்வையைத் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

மூத்திரப்பை உள்ளேயே கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். “அன்னிக்கே சொல்லி அனுப்பினேனேம்மா.”

மதியத்துக்குள் செத்துப்போனது.

கோவர்த்தனன் வந்து, அவள் எதிரிலேயே அண்ணனோடு போனில் பேசினான். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தானாம். அவள்தான் தாமதித்து, வெயிலில் தூக்கிக்கொண்டு அலைந்து கொன்றுவிட்டாளாம்.

“எங்கிட்ட யாருமே சொல்லல சார்” என்றாள்.

“சாவியக் குடு” என்றான் அவன்.

அவள் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மாதம் கழித்து விருந்தாளிகளுக்கு அறை எடுக்க வந்த கோவர்த்தனன் அவளைப் பார்த்தான். அண்ணன் புதுக்குட்டி வாங்கச் சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொள்ள நல்ல ஆள் இருந்தால் சொல் என்றான். அவள் விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.