தோப்புக்கு நடுவில் ஒரு படித்துறை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். சுசீந்திரத்துக்குக் கீழே, பழையாற்றின் மேற்குக் கரையில் இருந்த ஒரு பழைய தோட்டத்தை அளக்கப் போயிருந்தேன். நாகர்கோவிலில் நில அளவைதான் என் தொழில். இருபது வருடமாக வெயிலில் கருவியை நிறுத்தி அளந்து, வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். பெண்ணா அளக்க வந்திருக்கிறாள் என்று முதலில் முறைப்பவர்கள்கூட, சாயங்காலம் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

அது திருவிதாங்கூர் ராஜா காலத்துத் தோட்டம். ஓட்டு வீடு, அதை ஒட்டி நெல் அறை, பின்னால் தென்னந்தோப்பு, ஆற்றோரம் முழுக்கத் தாழம்புதர். நீர்க்காகங்கள் கரையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் பஹ்ரைனில் முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இடத்தை விற்க முடிவு செய்திருந்தார். வாங்க வந்தவர்கள் ஆற்றைப் பார்த்தமாதிரி ஓய்வு விடுதி கட்ட நினைத்தார்கள். ஆற்றோரம் இல்லையென்றால் அவர்களுக்கு அந்த இடமே வேண்டாம்.

முதல் நாள் கரையில் அளந்துகொண்டிருந்தபோது, அக்கரையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றி நின்று கூப்பிட்டாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

"அக்கா, அதுல எங்க நெலமும் கெடக்கு. அவங்க கணக்குல சேத்து எழுதிராதிய."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. "நடுவுல ஆறுல்லா ஓடுது. ஒங்க நெலம் நீந்தியா இங்க வந்துது?" என்று கேட்டேன். என்கூட அளக்க வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் மடையைத் திருப்பப் போய்விட்டாள்.

மறுநாள் தோப்புக்குள் அளந்துகொண்டே வந்தேன். ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் கருங்கல் படிகள். மூன்று படி கிழக்குப் பார்த்து இறங்கி, அப்படியே மண்ணுக்குள் போய்விட்டன. அங்கிருந்து ஆறு எண்பது தப்படி தூரத்தில் இருக்கிறது. தண்ணீரே இல்லாத இடத்தில் படித்துறை எதற்கு?

"பழைய குளமா இருக்கும். தூர்ந்து போச்சு" என்றார் அண்ணாச்சி. நானும் வரைபடத்தில் 'தூர்ந்த குளம்' என்று எழுதிக்கொண்டேன்.

எழுதினேனே தவிர, மனசு ஒப்பவில்லை. குளம் என்றால் எதிர்க்கரை எங்கே? மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். படிக்கு மேற்கே நின்ற தென்னைகள் எல்லாம் வயசானவை, உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். கிழக்கே ஒன்றுகூடப் பழைய மரம் இல்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு குத்துக்கல், அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளையின் உள்விளிம்பு கயிறு உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது. மாடு கட்டுகிற கல் என்று நினைத்தேன். ஆனால் உரசல் முழுக்கக் கிழக்குப் பக்கமாக, படி இறங்குகிற பள்ளத்தைப் பார்த்து இருந்தது. பள்ளத்துக்குள் இறக்கி மாட்டை யார் கட்டுவார்கள்? அது வள்ளத்தை, படகைக் கட்டுகிற கல்.

மண்வெட்டி வாங்கி, படிக்குக் கிழக்கே நானே தோண்டிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு வண்டல். அதற்குக் கீழே வெள்ளை ஆற்றுமணல், மணலோடு ஆற்றுச் சிப்பிகள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்தது ஆற்றுக்குள்.

ஆறு ஒரு காலத்தில் இந்தப் படியைத் தொட்டு ஓடியிருக்கிறது. பிறகு கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. அப்படியானால் படிக்கும் இன்றைய ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தில் ஒரு பகுதி முன்பு அக்கரையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் சொன்னது பைத்தியக்காரப் பேச்சு இல்லை.

அண்ணாச்சியிடம் சிப்பியைக் காட்டிச் சொன்னேன். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றார். ஒருநாள் அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பாலத்தைச் சுற்றி அக்கரைக்குப் போனேன். அவள் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தாள். "அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "சிரிக்காத ஆளு யாரு இருக்கா? நீங்களாவது வந்து கேட்டியளே" என்று உள்ளே போய், துணியில் சுற்றிய பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மாமியாரின் மாமனார் வாங்கிய நிலம். மேற்கு எல்லை ஆறு என்று எழுதியிருந்தது. பத்திரத்தில் இருந்த அளவு இப்போது அவள் கையில் இல்லை. ஒரே வெள்ளத்தில் ஆறு திரும்பிவிட்டதாக மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறாள். காணாமல் போனதில் பாதி ஆற்றுக்கு அடியில், மீதி அண்ணாச்சி தோட்டத்துப் பக்கம். ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சொன்னபோதெல்லாம் என்னை மாதிரியே எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். "பழைய ஆறு, புது ஆறு ரெண்டையும் வரையணும் அண்ணாச்சி. பாத்தத விட்டுட்டுக் கையெழுத்துப் போட எனக்கு முடியாது."

"அப்ப நீ கையெழுத்தே போட வேண்டாம்" என்றார். கருவியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு ஆளைக் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, அந்தப் பெண்ணுக்கு என்னால் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்தது.

பதினைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். வந்து பார்க்கச் சொன்னார்.

போனால் தோப்புக்கு நடுவில் பெரிய பள்ளம். படித்துறை முழுதாக வெளியே வந்திருந்தது, பதினோரு படிகள். கடைசிப் படியில் துணி துவைத்துத் துவைத்துக் குழிந்த இடம், உள்ளங்கை மாதிரி. அண்ணாச்சி மேல்படியில் உட்கார்ந்திருந்தார். கீழே அந்தப் பெண் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போன பெறகு தூக்கம் வரல்ல. எத்தனை படி இருக்குன்னு மட்டும் பாத்துட்டு மூடிரலாம்னுதான் தோண்டச் சொன்னேன்" என்றார். "அஞ்சாவது படிக்குக் கீழ ஆத்துமணல் வந்துது. அதுக்கு மேல எந்த முகத்த வச்சு மூட?"

அவரே பாலம் சுற்றிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாங்க வந்தவர்களிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர்கள் வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு ஆற்றையும் காட்டும் வரைபடத்தை நான் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சியும் அவளும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் மாற்றம் இன்னும் ஆபீஸில்தான் கிடக்கிறது. அதற்குள் அவள் மேற்குக் கரையில் தன் ஆற்றோரத்துத் துண்டில் வெண்டையும் மரச்சீனிக் கிழங்கும் நட்டுவிட்டாள். பாலம் சுற்றி வருகிற வழியில் அண்ணாச்சி வீட்டில் சாயா குடித்துவிட்டுத்தான் போவாளாம்.

இன்றைக்கும் ஒரு நிலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றுகிற நேரத்தில், இன்னும் யாரைக் கேட்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கிறேன். பல சமயம் ஒரு ஆள் மிச்சம் இருக்கத்தான் செய்கிறார்.